மூடிய பகுதி

அத்தான் கைத்துண்டை மடிக்கத் தொடங்கியபோது அவளும் சிரித்தாள். எத்தனை முறை வாய் கொப்பளித்தாலும் போகாத ஒன்றாக அந்தச் சிரிப்பு பிறகு அவளுக்குள்ளேயே தங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியம், அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜை. வாராவாரம் அவளுக்கு அங்கேதான் சாப்பாடு. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவளுக்குத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள அந்த ஒரு மேஜைதான் இருந்தது. நாற்பத்தேழு வயதாகியும் அக்கா அவளைப் பாப்பா என்றே கூப்பிட்டாள். அத்தானுக்கு அவள் ஆபீசரம்மா. அன்றைக்கு விருந்தாளியாக அத்தானோடு காலையில் நடக்கப்போகும் தொப்பிக்காரரும் வந்திருந்தார். வீட்டுக்குள்ளும் தொப்பியைக் கழற்றாத மனிதர். காப்பீட்டு நிறுவனங்களைக் கண்காணிக்கும் அலுவலகத்தில் அதிகாரி. தலையைக் குனிந்து மீன் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

அத்தான் எண்ணெய் விரல்களைத் துண்டில் துடைத்தார். அதையே மேஜையில் விரித்து, சின்னச் சட்டையை மடிப்பதுபோல இந்தக் கை, அந்தக் கை என்று உள்ளே ஒடித்து, தடவிக் கொடுத்து, உடனே உதறி மறுபடி மடித்தார். வாய் பிளந்திருந்தது. கண்கள் எங்கோ குத்திட்டிருந்தன. நன்றாகத்தான் நடித்தார்.

"யாரு இது? சொல்லுங்க பார்ப்போம்."

"சலவைக்காரரா?" என்றாள் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான்.

"அட, நம்ம மார்க்கெட் கடை கவுண்டர்ல இருந்தாளே ஒரு நெட்டை. தனியா நம்மள மாதிரியே பணமாற்றுக் கடை போடப்போறாளாம், அதுவும் எனக்கு எதிர் வரிசையிலயே. கொழுப்பைப் பாருங்க. ஆனா அம்மணி ஒரு காலத்துல மனநோய் ஆஸ்பத்திரியில இருந்தவங்களாம். செத்துப்போன குழந்தையோட சட்டையை வச்சிக்கிட்டு மடிக்கிறதும் உதறுறதும்தான் நாள் பூரா வேலையாம். இவ கையில நோட்டுக்கட்டைக் குடுத்தா எண்ணுவாளா, மடிச்சிக்கிட்டே இருப்பாளா?"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். "போதும்ங்க, பாவம்" என்றாள். சிரிப்பு மட்டும் நிற்கவில்லை.

அவள் வாயில் இருந்த சோறு அப்படியே நின்றது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அந்தச் சட்டையை அவள் ஏற்கெனவே படித்திருந்தாள்.

பணமாற்றுக் கடை நடத்த உரிமம் கொடுக்கும் அலுவலகத்தில்தான் அவளுக்கு வேலை. விண்ணப்பங்களைப் படித்து, ஆள் தகுதியானவரா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு விண்ணப்பத்திலும் மூடிய பகுதி என்று ஒன்று உண்டு. முறிந்த வியாபாரம், வழக்கு, சொந்தக் காரியங்களைக் கவனிக்க முடியாமல் படுத்திருந்த காலம் என்று பிறரிடம் சொல்லாததையெல்லாம் அங்கே எழுத வேண்டும். இங்கே எழுதுவது வெளியே போகாது என்று அந்தப் பக்கத்தின் தலையிலேயே அச்சிட்டிருக்கும். அந்த நெட்டைப் பெண் அதற்குக் கீழே எழுதியிருந்தாள்: 'ஒரு சட்டையை மடித்துக்கொண்டே இருந்தேன் என்று பின்னால் சொன்னார்கள். எனக்கு நினைவில்லை.'

எழுதியவளுக்கே நினைவில்லாத ஒன்றை மீன் நாற்றமடிக்கும் துண்டை வைத்து அத்தான் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

"யார் சொன்னா உங்களுக்கு?" என்று கேட்டாள்.

"காத்துல வந்துச்சு ஆபீசரம்மா. கவலைப்படாதீங்க, நீங்க சொன்னதா நான் எங்கயும் சொல்லமாட்டேன்." கண்ணடித்தார்.

"நான் எங்கே சொன்னேன்?"

"அதைத்தானே நானும் சொல்றேன்!"

மறுபடி சிரிப்பு. தொப்பிக்காரர் மட்டும் முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல், "உங்க குழாய்ல நல்ல ஓட்டம் மேடம்" என்றார்.

"பாப்பா, சாப்பிடு. ஆறிப்போகுது" என்று அக்கா அவள் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தாள். வெந்த மீனின் கண் வெள்ளையாகப் பிதுங்கியிருந்தது. அவள் எழுந்துபோய்க் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றாள். வாந்தி வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும் என்று பட்டது.

குழாய் என்பது அலுவலக ஆட்கள் தங்களுக்குள் வைத்த பேர். நிதித் துறையைக் கண்காணிக்கும் அலுவலகங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் உண்டு. ஒருவர் ஓர் இடத்தில் ஏமாற்றிவிட்டு இன்னோர் இடத்தில் புது முகமாக வந்து நிற்கக்கூடாது என்பதற்காக, ஓர் அலுவலகம் கேட்டால் மற்றொன்று தன் கோப்பை அனுப்பும். அங்கே ரகசியமாக இருந்தது இங்கேயும் ரகசியமாகவே இருக்க வேண்டும். கேட்பவர் காரணம் எழுத வேண்டும். கொடுப்பவர் அதைப் படித்துச் சரிபார்த்து அனுமதிக்க வேண்டும். மூடிய பகுதியை அனுப்புவதா என்பதைத் தனியாக யோசிக்க வேண்டும். விதியைப் படித்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்போல இருக்கும்.

அவளுக்கும் ஒரு பெருமை இருந்தது. வேலை விஷயமாக ஒரு வார்த்தை வெளியே விட்டதில்லை. 'இவ வாயில கம்பியை விட்டு நெம்பினாலும் ஒண்ணும் வராது' என்று அக்கா பிறரிடம் சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டு ரசித்திருக்கிறாள். தன் வாயைப் பூட்டி வைத்திருப்பதாலேயே தான் சுத்தம் என்று நம்பியிருந்தாள்.

திங்கட்கிழமை அலுவலகத்துக்குள் நுழைந்ததும் அந்தக் கோப்பு யார் யாருக்குப் போனது என்று தேடிப் பார்த்தாள். ஒரே ஒரு இடத்துக்குத்தான் போயிருந்தது. கேட்டது தொப்பிக்காரரின் அலுவலகம். காரணம்: வழக்கமான சரிபார்ப்பு. அந்தப் பெண் காப்பீட்டுத் துறையில் எதற்கும் விண்ணப்பிக்கவேயில்லை. படித்துப் பார்த்த எவருக்கும் அரை நிமிடத்தில் பிடிபட்டிருக்கும். அனுமதித்தவர் என்ற இடத்தில் அவளுடைய பதவியும் அவளுடைய எண்ணும் இருந்தன.

வெகுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். யாராவது தன் கணக்கைத் திருடியிருப்பார்கள் என்று ஒரு கணம் ஆசையாகக்கூட இருந்தது. அப்படி எதுவும் நடக்கவில்லை. தினமும் காலையில் குழாயில் வந்து நிற்கும் கோரிக்கைகளை அவள் எப்படித் தீர்ப்பாள் என்பது அவளுக்குத் தெரியாதா? மேலே ஒரு பொத்தான் இருக்கிறது, அனைத்துக்கும் அனுமதி. அழுத்தினால் எல்லாம் போய்விடும், மூடிய பகுதியும் சேர்ந்து. அப்படிச் செய்யக்கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொன்றாகத் திறந்தால் தாமதம், தாமதமானால் மாத அறிக்கையில் பிரிவின் பேர் சிவப்பில் வரும் என்பதும் தெரியும். எல்லாக் கோரிக்கைகளிலும் அதே 'வழக்கமான சரிபார்ப்பு'தான் எழுதியிருக்கும். அவளே மற்றவர்களிடம் கேட்கும்போதும் அதையேதான் எழுதுவாள்.

அன்றைக்கு அழுத்தியபோது என்ன செய்துகொண்டிருந்தாள் என்பதுகூட நினைவுக்கு வந்தது. அக்காவோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். வர்ற ஞாயிறு மீனா கோழியா என்று அக்கா கேட்டாள். மீன் என்று சொல்லிக்கொண்டே விரலை அழுத்தினாள்.

வாயைப் பூட்டி வைத்துவிட்டு விரல் வழியாக எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறாள். வலது கை ஆட்காட்டி விரலைப் பார்த்தாள். நகம் ஒழுங்காக வெட்டப்பட்டிருந்தது. அதைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். அப்படித் துடைத்த தன் பாவனையே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

மேலாளரை அலுவலகத்தில் மெழுகு என்பார்கள். எதையும் பூசி மெழுகிவிடும் கைப்பழக்கம் அவருக்கு. முகமும் அப்படித்தான், ஒரு சுருக்கம் கிடையாது. முழுவதையும் கேட்டுவிட்டு மேஜையிலிருந்த பாட்டிலை அமுக்கிக் கைகளில் கிருமிநாசினியைத் தேய்த்துக்கொண்டார்.

"யார் புகார் குடுத்திருக்காங்க?"

"யாரும் குடுக்கலை சார். நான் சொல்றேன்."

"அப்போ புகார் இல்லை."

"விதிப்படி அந்தம்மாவுக்கும் தெரிவிக்கணும், விசாரணைப் பிரிவுக்கும் எழுதணும்."

"மேடம், கொஞ்சம் மனிதாபிமானமா யோசிங்க. அந்தம்மாவைக் கூப்பிட்டு, உங்க விஷயம் வெளிய போயிடுச்சுன்னு சொன்னா அவங்க மனசு என்ன பாடுபடும்? ஏற்கெனவே நொந்தவங்க. அவங்களுக்குத் தெரியாம இருக்கிறதுதான் அவங்களுக்கு நல்லது."

மனிதாபிமானம் என்ற சொல்லை எவ்வளவு வழவழப்பாக எடுத்து வைக்கிறார் என்று பார்த்தாள். அவர் சொன்னது அவளுக்கும் வசதியாக இருந்தது என்பதுதான் இன்னும் மோசம். சரி சார் என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

"எழுதித்தான் ஆவேன்னா எழுதுங்க," என்றார் மெழுகு. "முதல் கேள்வி உங்களைத்தான் கேட்பாங்க. அனுமதிச்சது யாரு? நீங்க. விஷயம் வெளிய வந்தது யார் வீட்டுல? உங்க அக்கா வீட்டுல. அந்த மேஜைல உட்கார்ந்து சாப்பிட்டது யாரு? இதுல வழக்கமான சரிபார்ப்புன்னு சொன்னா எவன் நம்புவான்? அவசரப்படாதீங்க. ஒரு வாரம் கழிச்சுப் பேசலாம்."

அன்று சாயங்காலம் அத்தானுக்குத் தொலைபேசி செய்து, இனிமேல் இந்தக் கதையை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். மறுநாளே அக்கா அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள், மூடி இறுகிய பெரிய டப்பாவில் சாப்பாட்டோடு.

"அவரை மிரட்டினியாமே?"

"மிரட்டலைக்கா. கேட்டுக்கிட்டேன்."

"உன் குரல் அவருக்குத் தெரியாதா? ராத்திரி பூரா புரண்டு புரண்டு படுக்கிறாரு. ரெண்டு கடைக்கும் உரிமம் புதுப்பிக்கிற நேரம் பாப்பா. நீ ஏதாவது எழுதி வச்சா எல்லாம் நின்னுடும்."

"அவர் செஞ்சது தப்பில்லையா? அந்தத் தொப்பிக்காரரை விட்டு ஒரு பொம்பளையோட கோப்பை உருவச் சொல்லியிருக்காரு."

"பொய்யா சொன்னாரு? நடந்ததைத்தானே சொன்னாரு. அப்படிப்பட்டவ கையில ஊரான் பணத்தைக் குடுக்கலாமான்னு நாலு பேருக்குத் தெரியவேண்டாமா?"

"நாலு பேருன்னா?"

அக்கா டப்பாவின் மூடியைத் திறந்து மூடினாள். "அந்தக் கடை இடத்துக்காரர்கிட்ட ஒரு வார்த்தை போட்டு வச்சாரு. வேற யார்கிட்டயும் சொல்லலை."

அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா போனபிறகு தலை வாரிவிட்ட, காய்ச்சலில் கண் விழித்துப் பக்கத்தில் இருந்த முகம். கன்னத்தில் பவுடர் திட்டாக இருந்தது. இந்த முகத்தின்மேல் தனக்கு அருவருப்பு வரும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. வந்தது. மெல்லிய எண்ணெய்ப் படலம்போல மேலே வந்து நின்றது.

"உனக்கு இருக்கிற மாதிரி அவளுக்கும் ஒரு குழந்தை இருந்துச்சு அக்கா."

"எனக்கு ஒண்ணும் சாகலையே!" சொன்ன பிறகுதான் அக்காவுக்கே தூக்கிவாரிப் போட்டது. சட்டென்று எழுந்து கைப்பையை எடுத்துக்கொண்டாள். வாசலில் திரும்பி, "எழுதினா எழுதிக்கோ. அப்புறம் எங்க வீட்டு வாசப்படி உனக்கில்லை. எங்களை விட்டா உனக்கு யாரு இருக்கான்னு யோசிச்சுக்கிட்டு எழுது" என்றாள். குரல் உடைந்திருந்தது. அது மிரட்டலா கெஞ்சலா என்று அக்காவுக்கே தெரிந்திருக்காது.

யோசித்தாள். யாரும் இல்லை என்பது யோசிக்காமலே தெரியும். டப்பாவைத் திறக்காமல் குளிர்பெட்டியில் வைத்தாள். இரண்டு நாளும் எழுதவில்லை. விசாரணைப் பிரிவுக்கான வரைவைத் திறப்பாள், மூடுவாள். ஞாயிற்றுக்கிழமைகள் ஒவ்வொன்றாகக் கண்ணில் வந்து நின்றன, மேஜையில்லாத மதியங்கள்.

வியாழக்கிழமை வரவேற்பிலிருந்து அழைத்தார்கள். விண்ணப்பத்தைத் திரும்பப் பெற ஓர் அம்மா வந்திருக்கிறார்.

கண்ணாடிச் சுவர் வைத்த சின்ன அறை. நெட்டைப் பெண் உள்ளே வரும்போது கதவு உயரமாக இருந்தும் தலையைக் குனிந்துகொண்டாள். எத்தனையோ வாசல்களில் இடித்துக்கொண்ட பழக்கமாக இருக்கும். வாபஸ் கடிதத்தை மேஜையில் வைத்து, அது பறந்துவிடாமல் உள்ளங்கையால் அமுக்கினாள்.

"கடை இடம் இல்லைன்னு ஆயிடுச்சு மேடம். பேசி முடிச்ச இடம். நேத்து சாவி வாங்கப் போனேன். தரமாட்டேன்னாரு. ஏன்னு கேட்டேன். ஒண்ணும் பேசலை. கையை இப்படி…" அவள் காற்றில் இரண்டு கைகளையும் உள்ளே ஒடித்துக் காட்டினாள். "இப்படி ஆட்டிக் காட்டினாரு. பக்கத்துல ரெண்டு பேர் சிரிச்சாங்க. எனக்கு முதல்ல புரியலை. பஸ்ல வர்றப்பதான் புரிஞ்சுது."

அந்த அசைவு மேஜையிலிருந்து தெருவுக்குப் போய்விட்டிருந்தது.

"அந்த ஒரு பக்கத்தை மட்டும் எனக்குத் திருப்பித் தருவீங்களா?"

"முடியாதும்மா. வாபஸ் வாங்கினாலும் கோப்பு இங்கேதான் இருக்கும். விதி அப்படி."

"அப்போ நான் எடுத்துக்கிட்டுப் போறதுக்கு ஒண்ணுமே இல்லை." கடிதத்தின் மேலிருந்து கையை எடுத்தாள். "அந்த இடத்துல இல்லைன்னு எழுதியிருந்தா யாருக்குத் தெரிஞ்சிருக்கும்? என் பையனுக்கே தெரியாது. அவன் அதுக்கப்புறம் பிறந்தவன். வெளிய போகாதுன்னு நீங்க போட்டிருந்தீங்க. அதை ரெண்டு தடவை படிச்சுட்டுத்தான் எழுதினேன். இந்த ஆபீசையாவது நம்பலாமேன்னு."

இப்போது மட்டும் சொல்லாவிட்டால், இனி எப்போதும் சொல்ல முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. மெழுகின் மனிதாபிமானம் இந்த அறையில் நாறியது. இந்தப் பெண்ணுக்கு இனிமேல் தெரிவதற்கு என்ன பாக்கி இருக்கிறது? யாரால் என்பது ஒன்றுதான்.

"என்னாலதான் போச்சு" என்றாள். குழாய் என்றால் என்ன, யார் கேட்டார்கள், என்ன காரணம் எழுதியிருந்தார்கள், அதைப் படிக்காமல் தான் எப்படி அனுமதித்தாள், பழைய முதலாளி தனக்கு என்ன உறவு, எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல லேசாகும் என்று எதிர்பார்த்திருந்தாள் போலிருக்கிறது. ஆகவில்லை.

 முடிந்ததும் நெட்டைப் பெண் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவரு செஞ்சு காட்டினப்போ நீங்க அங்க இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"சிரிச்சீங்களா?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ கோப்புகளைத் தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டு போனார்கள். சக்கரம் கிரீச்சிட்டது.

"சிரிச்சேன். அது நீங்கன்னு தெரியறதுக்கு முன்னாடி."

"தெரியறதுக்கு முன்னாடின்னா பரவாயில்லையா?"

 அந்தப் பெண் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. மேஜையிலிருந்த கடிதத்தை எடுத்து, மடிக்காமல், அப்படியே கைப்பைக்குள் நெட்டாகச் செருகினாள்.

"வாபஸ் வாங்கலை. நான் வாங்கிட்டா உங்க எல்லாருக்கும் வேலை சுலபமா முடிஞ்சிடும். இடம் வேற தேடிக்கிறேன். உரிமம் தரமாட்டீங்கன்னா தரமாட்டோம்னு நீங்க எழுதுங்க, காரணம் போட்டு எழுதுங்க. இப்போ சொன்னதையும் எழுதிக் குடுங்க."

"எதை?"

"எல்லாத்தையும். படிக்காம அனுப்பினதை. யாருக்கு அனுப்பினீங்கன்னு. கையெழுத்துப் போட்டு."

அவள் காகிதத்தை எடுத்து எழுதினாள். எழுதிக்கொண்டிருக்கும்போது அக்கா வீட்டு வாசப்படி நினைவுக்கு வந்தது, கூடவே செருப்பு விடும் இடமும். கை நிற்கவில்லை. ஒரு பிரதியை அந்தப் பெண்ணிடம் கொடுத்தாள். இன்னொன்றை விசாரணைப் பிரிவுக்கு அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்தப் பெண் கையில் பிரதி இருக்கிற விஷயத்தை மெழுகால்கூட மெழுக முடியாது.

அந்தப் பெண் நன்றி சொல்லவில்லை. அது ஆறுதலாக இருந்தது. சொல்லியிருந்தால் தாங்கியிருக்க முடியாது.

அத்தானின் புதுப்பித்தல் நிறுத்திவைக்கப்பட்டது. தொப்பிக்காரர் உடம்பு சரியில்லை என்று விடுப்பில் போனார். அக்காவிடமிருந்து ஒரு செய்தி வந்தது: 'இனிமே ஞாயித்துக்கிழமை வராதே. டப்பாவை வாட்ச்மேன்கிட்ட குடுத்துடு.' இத்தனை நாள் திறக்காமல் கிடந்த டப்பாவைத் திறந்தபோது சாப்பாடு ஊசிப்போய், மேலே நுரைத்திருந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு கொட்டிவிட்டு, தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். வெயிலில் காயவைத்து, கொண்டுபோய்க் கொடுத்தாள். வாட்ச்மேன் அவளைத் தெரியாதவர்போல வாங்கிக்கொண்டார்.

விசாரணை முடியும்வரை குழாயை அவள் தொடக்கூடாது என்று உத்தரவு. அந்த வேலை பக்கத்து மேஜை ரேடியோவுக்குப் போனது. ஓயாமல் பேசுவதால் அந்தப் பேர். திங்கட்கிழமை காலை அவன் இடது கையில் ரொட்டியைப் பிடித்துக் கடித்துக்கொண்டே வலது கையைத் திரையின் மேல்மூலைக்குக் கொண்டுபோவதைப் பார்த்தாள். ரொட்டித்தூள் விசைகளின்மேல் உதிர்ந்தது. தன்னைப் பின்னாலிருந்து பார்ப்பதுபோல இருந்தது. 

தன் நாற்காலியை இழுத்துக்கொண்டுபோய் அவன் பக்கத்தில் போட்டாள். திரைக்கு முதுகைக் காட்டி, அவன் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

"என்ன மேடம், வேவு பார்க்கிறீங்களா?"

"நான் பார்க்கக்கூடாது. நீ பாரு. ஒவ்வொண்ணாத் திற."

"வழக்கமான சரிபார்ப்பு மேடம். எல்லாம் அதான்."

"எந்த வழக்கம்னு கேட்டுத் திருப்பி அனுப்பு."

"ஐயோ, சாயங்காலம் ஆயிடும். சிவப்புல வந்துடுவோம்."

"வரட்டும். முதல்ல கையைத் துடை."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான்.  ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு, சட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு, முதல் கோரிக்கையைத் திறந்தான்.